பார்க்க வருவோரும் பார்த்துக்கொண்டிருப்போரும்: கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் நோயாளி பராமரிப்பு

1. ஒரு வினைச்சொல், இரண்டு வேலைகள்

நோயாளியைப் 'பார்ப்பது' என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேலைகளைக் குறிக்கிறோம். ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழப் பையுமாக மாலையில் வந்து, கட்டிலோரம் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர் நோயாளியைப் பார்க்க வந்தவர். இரவு இரண்டு மணிக்கு எழும்பி நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, விடிந்ததும் சிறுநீர்ப் பையை வெறுமையாக்கி, எட்டு மணி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பதா பின் கொடுப்பதா என்று யோசித்து நிற்பவரும் நோயாளியைப் பார்க்கிறவர்தான். முதல் வகைப் பார்த்தலுக்கு நம் சமூகத்தில் தெளிவான முறைகள் உண்டு: எப்போது போவது, என்ன கொண்டுபோவது, எதைக் கேட்காமல் விடுவது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வகைக்கு அப்படி எந்த முறையும் இல்லை. அது யார்மீது விழுகிறது, எவ்வளவு காலம் விழுகிறது, அதைச் செய்கிறவருக்கு மாற்றாள் யார் என்பவை பேசித் தீர்க்கப்படுவதில்லை. வீட்டில் இருப்பவர்மீது தாமாகவே வந்து படிந்துவிடுகின்றன.

சுகாதாரத் துறையின் ஆவணங்கள் இந்த இரண்டாமவரைப் 'பராமரிப்பாளர்' என்கின்றன. வீட்டில் அந்தச் சொல் புழங்குவதில்லை. "நான்தான் அம்மாவைப் பார்க்கிறன்" என்று சொல்லும் மகள் தன்னைப் பராமரிப்பாளர் என்று எண்ணுவதில்லை. அவள் மகள், அவ்வளவுதான். பராமரிப்பாளருக்கு என்று அறிவிக்கப்படும் எந்த உதவியும் தன்னைக் குறிக்கிறது என்று அவளுக்குத் தோன்றாமல் போவதற்கு இதுவே முதற்காரணம். புற்றுநோய், பாரிசவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய் போன்ற நீண்டகால நோய்கள் கொழும்பின் தமிழ்க் குடும்பங்களுக்குள் வரும்போது, பார்த்துக்கொண்டிருப்பவர் ஏன் தளர்ந்துபோகிறார், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. தளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் நோயின் கடுமையோ பாசத்தின் குறைவோ அல்ல, பல வேலைகள் ஒரே ஆளிடம் குவிந்துபோகும் ஏற்பாடுதான் என்பது என் வாதம். ஆகவே அவருக்குப் பொறுமையைப் போதிப்பது மருந்தாகாது. அந்த ஏற்பாட்டைக் கலைத்துப் பங்கிடுவதே மருந்து.

கேள்வியின் அவசரத்தைக் குடிசன மதிப்பீடுகளே காட்டுகின்றன. 2012இல் இலங்கையின் சனத்தொகையில் 65 வயதைத் தாண்டியோர் 7.9 வீதம், 2024 மதிப்பீட்டில் இது 12.6 வீதம். பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது. நாட்டின் பத்து இறப்புகளில் எட்டுக்குத் தொற்றா நோய்கள் காரணம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பார்க்கப்பட வேண்டியோர் பெருக, பார்க்கக்கூடியோர் குறைந்துவருவது தெளிவாகும்.

2. ஆய்வுகள் சொல்லியிருப்பவை

பார்த்துக்கொண்டிருப்பவரும் நோயாளியாகலாம் என்ற கருத்து புதியதல்ல. 1979இல் ஃபெங்லர், குட்ரிச் என்ற இரு ஆய்வாளர்கள், இயலாமையுற்ற முதிய கணவர்களைப் பார்த்துவந்த மனைவியரை 'மறைந்திருக்கும் நோயாளிகள்' என்றார்கள். அடுத்த ஆண்டில் ஸ்டீவன் சாரிட்டும் உடன் ஆய்வாளர்களும் பராமரிப்புச் சுமையை அளக்க ஒரு வினாக்கொத்தை உருவாக்கினர். பின்னர் 22 கேள்விகளாகச் சுருக்கப்பட்ட அது இன்று உலகெங்கும் பயன்படுகிறது. தமிழ்ச் சூழலிலிருந்தே பிறந்த அளவுகோலும் ஒன்று உண்டு. 1984இல் மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற உளநல நிறுவனத்தில், ஆர். தாராவும் குழுவினரும் 1998இல் வெளியிட்ட 40 கூறுகள் கொண்ட சுமை மதிப்பீட்டு அட்டவணை அது. நீண்டகால உளநோயாளர்களின் குடும்பங்களுக்காக எழுந்தது. இடையில் 1990இல் லெனார்ட் பெர்லினும் சகாக்களும் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டினார்கள்: நோயிலிருந்து நேரே வரும் நெருக்கடி ஒன்று, அந்த நெருக்கடி வேலை, பணம், உடன்பிறந்தோர் உறவு ஆகியவற்றுக்குள் பரவிப் புதிதாகப் பிறப்பிக்கும் நெருக்கடிகள் வேறொன்று. என் வாதம் இந்த இரண்டாம் வகையைப் பற்றியதே.

இந்தச் சுமை ஆளைக் கொல்லுமா? இங்கே சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் சற்று நின்று பார்க்க வேண்டும். 1999இல் ரிச்சர்ட் ஷூல்ஸும் ஸ்கொட் பீச்சும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், துணைவரைப் பார்த்துவந்த முதியோரில் அதனால் மன அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்கள் நான்கு ஆண்டுகளில் இறந்த வீதம், அத்தகைய பொறுப்பில்லாதவர்களைவிட 63 வீதம் அதிகம். பராமரிப்பாளர் நலம் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் எண் இது. ஆனால் 2013இல் டேவிட் ரொத்தின் குழு 3,503 குடும்பப் பராமரிப்பாளரை அவர்களைப் பல வகையிலும் ஒத்த பிறருடன் ஒப்பிட்டபோது, பராமரிப்பாளரின் இறப்பு வீதம் 18 வீதம் குறைவாக இருக்கக் கண்டது. அவர்களுக்குள் எந்த உபகுழுவிலும் இறப்பு கூடியிருக்கவில்லை. முதல் ஆய்வை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைப்பது நேர்மையாகாது. இரண்டும் வெவ்வேறு ஆட்களை அளந்தன என்பதே என் வாசிப்பு. ஷூல்ஸ் பார்த்தவர்கள் ஒரே வீட்டில் வாழும் வயோதிகத் துணைவர்கள். ரொத்தின் மாதிரியில் தாய்க்கு வாரத்தில் சில மணிநேரம் உதவும் நடுவயது மகளும் அடங்குவாள். ஷூல்ஸின் ஆய்விலேயே, அழுத்தம் இல்லை என்று சொன்ன பராமரிப்பாளரிடம் இறப்பு கூடவில்லை. ஆக, பிறரைப் பார்ப்பது கெடுதலா நன்மையா என்று பொதுப்படையாகக் கேட்பதில் பயனில்லை. எந்த நிலைமைகளில் அது ஆளைத் தேய்க்கிறது, எந்த நிலைமைகளில் நிறைவைத் தருகிறது என்றே கேட்க வேண்டும்.

3. 'உளசமூகம்' என்ற சொல் வந்த வழி

நிலைமைகளைப் பற்றிக் கேட்பதற்கான ஒரு சொல் இலங்கைத் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: உளசமூகம். ஆனால் அது நம்மிடம் வந்தது போரின் வழியாக. 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சாந்திகம் போன்ற அமைப்புகளும், போர் தனிமனிதரின் மனத்தை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் எப்படிச் சிதைக்கிறது என்று ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகளும் அதற்கு உள்ளடக்கம் தந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அது தொண்டு நிறுவனங்களின் அன்றாடச் சொல்லாயிற்று. 2019 ஏப்ரல் 21இல் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே அச்சொல் மறுபடியும் ஒலித்தது. மூன்று சந்தர்ப்பங்களிலும் அது ஒரு பேரழிவின் மறுநாளுக்குரிய சொல்லாகவே இருந்தது. பாரிசவாதம் வந்து ஆறாண்டு கட்டிலில் கிடக்கும் ஒருவரின் வீட்டுக்கு அச்சொல் போனதில்லை. அங்கே திகதி குறிக்கத்தக்க பேரழிவு எதுவும் நிகழவில்லை. நாட்கள் மட்டும் கரைகின்றன.

இந்த இடைவெளியை நிரப்ப வெளியூரிலிருந்து கருவி கொண்டுவரத் தேவையில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சமூகக் கொள்கை ஆய்வு மையத்தில் பாதி என்ற பெயரில் இயங்கிய திட்டம் 2009இல் ஓர் உளசமூக அணுகுமுறையை வெளியிட்டது. நலம் என்பது உளவியலாளரின் அறைக்குள் மட்டும் தீர்மானமாவதல்ல, அது சமூக நீதியோடு பிணைந்தது என்பது அதன் அடிப்படை. நலத்தை ஐந்து தளங்களில் பார்க்கச் சொன்னது அது: வளங்களை அடைதல், தன் திறமையையும் பெறுமதியையும் உணர்தல், தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் பங்குபற்றல், சமூக உறவுகள், உடல் உள ஆரோக்கியம். அபிவிருத்தித் திட்டங்களுக்காக எழுந்த இந்த ஐந்து தளங்களையும் ஒரு நோயாளியின் வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால், கண்ணுக்குப் படாமல் போன பல விடயங்கள் தெரியவருகின்றன.

4. இரண்டு பேட்டைகள், இரண்டு ஏற்பாடுகள்

வெள்ளவத்தையை எடுத்துக்கொள்வோம். 1983 யூலை இனவன்முறையில் எரியுண்ட அதே காலி வீதியை அண்டி, தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து வந்தோரும் வெளிநாடு போகக் காத்திருந்தோரும் குடியேற, கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் மாடிக்குடியிருப்புகள் எழுந்தன. பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்க, பெற்றோர் நான்காம் மாடியில் இருப்பது அங்கே வழமையான குடும்ப வடிவம். நோய் வந்தால் பணம் வருகிறது. ஆள் வருவதில்லை, வந்தாலும் மூன்று கிழமை லீவில்தான். நாட்டில் எஞ்சிய ஒரு மகளோ மருமகளோ பொறுப்பேற்கிறாள், அல்லது மலையகத்திலிருந்து ஒரு பெண் வீட்டோடு இருக்க அமர்த்தப்படுகிறார். இங்கே 'பார்த்தல்' மூன்றாவது பொருளும் கொள்கிறது. இலங்கை நேரம் இரவு எட்டு மணிக்கு, ரொறன்ரோவின் காலையில், மகன் கைபேசித் திரையில் அம்மாவைப் பார்க்கிறான். அம்மா மெலிந்திருப்பது அவனுக்குத் தெரிகிறது. கைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பவள் மெலிந்திருப்பது படச்சட்டத்துக்குள் வருவதில்லை. அவன் கேட்கும் கேள்விகள் அக்கறையால் எழுபவை. ஆனால் கேட்கப்படும் இடத்தில் அவை கணக்குக் கேட்பதுபோல் விழுகின்றன. ஏன் அந்த டொக்டரிடம் காட்டவில்லை, ஏன் இந்த ஸ்கான் எடுக்கவில்லை? முடிவுகள் பணம் அனுப்புகிறவரிடமும் உழைப்பு வீட்டிலிருப்பவரிடமும் பிரிந்து கிடப்பதைப் பாதியின் மொழியில் சொன்னால், பங்குபற்றல் என்ற தளம் அடிபட்டுப்போகிறது. அமர்த்தப்படும் பெண்ணின் நிலை இன்னும் மெல்லியது. 2016ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இயற்றப்பட்டபோது வீட்டுப் பணியாளரைத் தொழிலாளர் என்ற வரைவிலக்கணத்துக்குள் சேர்க்கவில்லை. மகளின் சுமையை இறக்குவதாகச் சொல்லி, அதைச் சட்டம் எளிதில் பார்க்காத இன்னொரு பெண்ணிடம் ஏற்றிவிடுகிறோம்.

கொட்டாஞ்சேனையில் ஏற்பாடு வேறு. பொன்னம்பலவாணேசுவரர் கோவிலையும் புனித லூசியா பேராலயத்தையும் சூழ்ந்த ஒழுங்கைகளின் தோட்டக் குடியிருப்புகளில் ஒன்றிரண்டு அறைகளே உள்ள வீடுகள் பல. சுவருக்குச் சுவர் மனிதர். அவசரத்துக்குத் தூக்க ஆளுண்டு, தேநீர் ஊற்றித்தர ஆளுண்டு. ஆனால் துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் நாட்கூலியில் வாழும் வீட்டில், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். நோயாளிக்கென்று ஓர் அறை ஒதுக்க இடமில்லாததால், இருமலும் முனகலும் வாடையும் பள்ளிப் பிள்ளையின் படிப்பு மேசையோடு ஒரே அறையில் இருக்கின்றன. நகர அபிவிருத்தி அதிகாரசபை இத்தகைய குடியிருப்புகளிலிருந்து மக்களை உயர்மாடிகளுக்கு மாற்றியபோது அறைகள் ஒழுங்காயின. தோட்டத்தின் அயல் கலைந்தது. மின்தூக்கி பழுதான நாளில், எட்டாம் மாடியில் இருக்கும் பாரிசவாத நோயாளி தன் வீட்டிலேயே சிறைப்பட்டவர். அவரைப் பார்க்கும் மனைவிக்கும் அதே சிறை. வெள்ளவத்தையில் குறைந்தது கைகள், கொட்டாஞ்சேனையில் குறைந்தது பணமும் இடமும். இரண்டிலும் முடிவு ஒன்றே: எஞ்சிய வேலையெல்லாம் ஒரு பெண்ணிடம் வந்து சேர்கிறது.

இது தமிழருக்கு மட்டும் உரியதல்ல. தென்னிலங்கைச் சிங்களக் கிராமமொன்றை நெடுங்காலம் ஆய்ந்த மிஷேல் கம்பர்ட், 2020இல் வெளிவந்த நூலில், வெளிநாட்டு உழைப்பும் முதியோர் பராமரிப்பும் ஒரே குடும்பக் கணக்கில் எப்படி ஈடுகட்டப்படுகின்றன என்று காட்டினார். மெலிசா வாட்டின் குழு 2014இல் தென்பகுதிக் குடும்பங்களில் பெற்றோரின் எதிர்பார்ப்பையும் பிள்ளைகளின் இடர்ப்பாட்டையும் அருகருகே வைத்தது. கொழும்புத் தமிழரிடம் இவற்றோடு மொழி என்ற இன்னொரு அடுக்கும் சேர்கிறது.

5. கிளினிக் கொப்பியும் இடையில் நிற்கும் மகளும்

அரச வைத்தியசாலைகளில் நீண்டகால நோயாளி ஒவ்வொருவரிடமும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். கடையில் வாங்கிய அப்பியாசக் கொப்பிதான் பலரிடம். பழுப்பு உறை போட்டு, மேலே பெயரும் கிளினிக் இலக்கமும் எழுதி, மழைக்குப் பொலித்தீன் பையில் சுற்றியிருக்கும். உள்ளே நிறை, பிரஷர், சீனி அளவு, மருந்தின் பெயர், அடுத்த திகதி. நோயின் வரலாறு முழுவதும் அந்த நாற்பது பக்கத்தில்தான். அதைத் தொலைக்காமல் வைத்திருப்பது, இரத்தப் பரிசோதனைத் துண்டுகளைத் திகதி வாரியாக ஒட்டுவது, 2022 பொருளாதார நெருக்கடி நாட்களைப்போல் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் பாமசி பாமசியாக ஏறி இறங்குவது எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவரின் வேலை. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோய்க் கிளினிக் என்றால், கொட்டாஞ்சேனையிலிருந்து விடியுமுன் புறக்கோட்டை போய் அங்கிருந்து 138ஆம் இலக்க பஸ். வரிசை இலக்கம், இரத்தம், காத்திருப்பு, வைத்தியரோடு சில நிமிடம், மருந்து வரிசை, திரும்பி வர பகல் போய்விடும். அந்தக் கொப்பியின் எந்தப் பக்கத்திலும் அதைச் சுமந்து வந்தவருக்கென்று ஒரு வரி இல்லை.

வைத்தியரோடு கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் மொழி குறுக்கே நிற்கிறது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் கிளினிக் மேசையில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கில மருத்துவச் சொற்களிலோ நடக்கிறது. சிங்களம் தெரிந்த மகள் அல்லது பேரன் உரைபெயர்ப்பாளராகிறார். இதன் உளவியல் விளைவைக் கவனிக்க வேண்டும். 'பரவியிருக்கிறது' என்ற செய்தியை முதலில், தனியாகக் கேட்பவள் அவள். அதைத் தமிழில் சொல்லும்போது 'புற்றுநோய்' என்பதா, 'கட்டி' என்பதா, 'இன்னும் ரெஸ்ட் பண்ணவேணுமாம்' என்று ஒத்திப்போடுவதா என்று அந்த நொடியிலேயே முடிவெடுப்பவளும் அவள். நோயாளியிடம் மறைத்ததை அயலாரிடமும் மறைத்து, வெளிநாட்டு அண்ணனிடம் மட்டும் சொல்லி, யாரிடம் எவ்வளவு சொன்னோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையும் அவளுக்கு. சாரிட்டின் 22 கேள்விகளில் இந்த வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. இருமொழி ஆஸ்பத்திரியில் தாய்க்காகப் பேசும் மகளை மனத்தில் வைத்து அவை எழுதப்படவில்லை. இக்காரணத்தால் அளவுகோல்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. நம் வீடுகளின் வேலைகளைக் கண்டு, அவற்றைக் கேள்விகளாக்க வேண்டும்.

6. தடுப்பு என்றால் யாரைத் தடுப்பது?

நோய்த்தடுப்பு என்றதும் உப்பையும் சீனியையும் குறைப்பது நினைவுக்கு வருகிறது. இலங்கையில் 2011 முதல் அமைக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள், தொடக்கத்தில் 40 வயதைக் கடந்தோரின் இரத்த அழுத்தத்தையும் குருதிச் சீனியையும் பரிசோதிக்க ஏற்பட்டவை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீரிழிவு முற்றிய தாயைப் பார்க்கும் 48 வயது மகளை நினைத்துப் பாருங்கள். தாயின் நோய் இரத்தவழியாகவும் ஒரே சமையற்கட்டு வழியாகவும் அவளுக்கு வர வாய்ப்பு அதிகம். அவளுடைய நித்திரை துண்டுதுண்டு. நடைப்பயிற்சி மாத்திரை நேரங்களுக்கிடையில் அகப்படாதது. தாயை விட்டுவிட்டுக் காலையில் நிலையத்துக்குப் போக அவளுக்கு ஆளில்லை. தடுப்புத் திட்டம் தேடும் ஆள் அவளேதான். அவள் மாதந்தோறும் கிளினிக்குக்கு வரத்தான் செய்கிறாள், இன்னொருவரின் கொப்பியோடு. அவளது கையில் ஒரு தடவை பிரஷர் பட்டியைச் சுற்ற அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. பராமரிப்பாளருக்கு ஆதரவு என்பதைக் கருணைச் செயலாக மட்டும் காணாமல், தடுப்பு மருத்துவத்தின் நேரடிப் பணியாகக் காண வேண்டும் என்பது இதனால்தான்.

ஆதரவு பலிக்குமா என்பதற்கு மூன்று இடங்களின் சான்றுகளைப் பார்க்கலாம். நியூயோர்க்கில் மேரி மிட்டல்மனின் குழு, மறதிநோயுற்ற துணைவரைப் பார்த்துவந்த 406 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஆதரவு பெற்ற குடும்பங்களில் நோயாளி பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பப்படுவது, இடைநிலைக் கணக்கில் 557 நாட்கள் தள்ளிப்போனதாக 2006இல் எழுதினார்கள். இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு: வகுக்கப்பட்ட ஆறு ஆலோசனை அமர்வுகளில் இரண்டு மட்டுமே பராமரிப்பாளரோடு தனியாக; நான்கு மற்றக் குடும்பத்தவரையும் கூட்டிவைத்து. கோவாவில் அமித் டயஸும் விக்ரம் பட்டேலும் அடங்கிய குழு, உள்ளூரவரைப் பயிற்றி 81 மறதிநோய்க் குடும்பங்களோடு வேலை செய்து 2008இல் முடிவுகளை வெளியிட்டது. பராமரிப்பாளரின் உளநலம் தெளிவாக மேம்பட்டது; சாரிட் அளவுகோலில் சுமை குறைந்தது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதைத் தோல்வி என்று நான் வாசிக்கவில்லை. ஆலோசனை மனத்தை ஆற்றும். வேலை எத்தனையோ அத்தனையாகவே இருந்தால் சுமை இறங்காது என்பதைத்தான் இது காட்டுகிறது. கேரளத்தில் நடந்தது மூன்றாவது வகை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கத்தின் தொடர்ச்சியாக, அயலவரே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகும் வலையமைப்பு வளர்ந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. நியூயோர்க்கில் குடும்பமும் கேரளத்தில் அயலும் வேலையைப் பங்கிட்டன. பங்கீடு நடந்த இடங்களில் ஏற்பாடு நிலைத்தது.

7. மறுப்புகள்

முதல் மறுப்பு பண்பாட்டின் பெயரால் வரும்: பெற்றோரைப் பார்ப்பது கடமை, அதைச் சுமை என்று அளப்பதே அந்நியச் சிந்தனை என்பது. இதில் ஓர் உண்மை உண்டு. தாயைக் கடைசிவரை பார்த்தேன் என்ற நிறைவு மெய்யானது; ரொத்தின் எண்களும் அதோடு முரண்படவில்லை. ஆனால் கடமை என்பது குடும்பத்தின் கடமை. நடைமுறையில் அதைச் செய்பவர் ஒருவர். மற்றவர்கள் அவருடைய கடமையுணர்வைப் புகழ்பவர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டமும் பெற்றோரின் தேவைகளைக் கவனிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து, கவனிக்கத் தவறியோரிடமிருந்து பராமரிப்புப் பணம் கேட்க ஒரு சபையையும் அமைத்தது. தவறுகிறவரை அச்சட்டம் கண்டுகொள்கிறது. தவறாமல் செய்துகொண்டிருப்பவருக்கு அதில் எதுவும் இல்லை. கடமையை உண்மையில் மதிக்கும் சமூகம், அதைச் செய்பவர் விழாமல் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது மறுப்பு காசு. 2022 ஏப்ரலில் கடன் செலுத்துவதை நிறுத்திய நாட்டில் புதிய சேவைக்குப் பணம் ஏது? இந்த வாதத்துக்கு இலங்கையின் சொந்த வரலாறே பதில். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கியபோது இது செல்வந்த நாடல்ல. அன்று ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை இழந்துகொண்டிருந்த தீவு, வீடு வீடாகப் போகும் மருத்துவமாதரையும் ஒரு கர்ப்பிணி அட்டையையும் பெரிதும் நம்பி, அந்த எண்ணிக்கையைச் சில பத்துகளுக்குக் கொண்டுவந்தது. கர்ப்பிணி இருக்கும் வீட்டை அரசு பெயரோடு அறியும். கட்டிலோடு கிடப்பவரின் வீட்டை அறியாது. உதவித்தொகைகள் இருக்கின்றன: அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் கீழ் சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளருக்கும் 2025இல் மாதம் 10,000 ரூபா, முதியோருக்கு 5,000 ரூபா. இவை நோயாளியின் பெயரில் வருபவை. அவருக்காக வேலையை விட்டவரின் இழப்பு எந்தப் படிவத்திலும் இல்லை. பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கும் நாட்டில், இந்த இழப்பைச் செலவாகக் கணக்கிடாமல் விடுவது சிக்கனமாகாது. செலவு அவளுடைய பெயருக்கு மாற்றி எழுதப்படுகிறது என்பதே உண்மை.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. எல்லாவற்றையும் மருத்துவத்தின் பார்வைக்குள் கொண்டுவந்தால் துயரமும் நோயாகிவிடாதா? உண்மைதான், அழுகிற மகளுக்கெல்லாம் மாத்திரை எழுதும் நிலை வரக்கூடாது. உளசமூகம் என்ற சொல்லில் இரண்டாம் பாதியை நான் அழுத்துவது இதற்காகவே. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும், மனத்துயருக்குச் செவிகொடுக்க 1974இல் தொடங்கிய சுமித்ரயோவும், 2001 முதல் இயங்கும் லங்கா அல்ஸைமர்ஸ் மன்றமும் தேவையானவை. எனினும் அவற்றை நாடும் நேரத்தைக்கூடப் பெற முடியாதவளுக்கு முதலில் வேண்டியது வாரத்தில் ஒரு பிற்பகல். அந்தப் பிற்பகலை உளவியலாளர் தரமுடியாது. உடன்பிறந்தவரும் அயலும் கோவிலும் சங்கமும் தரலாம்.

8. முடிவாக

மேற்கண்ட வாதத்திலிருந்து நான்கு சிறிய நடவடிக்கைகள் பிறக்கின்றன. கிளினிக்கில் நோயாளியின் கொப்பியோடு வருபவரின் பெயரையும் பதிந்து, ஆண்டுக்கு இருமுறை அவரது பிரஷரையும் சீனியையும் பார்ப்பது. நோய் உறுதியான முதல் மாதத்திலேயே, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளையும் திரையில் சேர்த்து, யார் எதைச் செய்வது என்று ஒரு தடவை குடும்பமாகப் பேசவைப்பது. வீடியோ அழைப்பு விசாரணையாகாமல் பங்கீடாக அது உதவும். கெட்ட செய்தியை மகளின் வாய்வழி சொல்வதைத் தவிர்க்க, பெரிய கிளினிக்குகளில் தமிழ் பேசும் பயிற்றப்பட்ட உத்தியோகத்தர் ஒருவரை அமர்த்துவது. கடைசியாக, 1942இல் தொடங்கி இன்று வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன், கொட்டாஞ்சேனையின் ஆலயங்கள், தேவாலயங்கள் போன்றவை, நோயாளியைப் பார்க்கப் போகும் தம் உறுப்பினரை அரைமணி நேரத்துக்குப் பதிலாக மூன்று மணி நேரம் இருக்கப் பழக்குவது. 2019–2023 காலத்துக்கான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சட்டகம் போன்ற கொள்கைகள் குடும்பத்தை ஏற்கெனவே வாயளவில் ஏற்றவைதான். குறைவது கொள்கைக்கும் கட்டிலுக்கும் இடைப்பட்ட இந்த நடைமுறைகள்.

இவற்றில் கடைசியானதற்கு அரசாங்கச் சுற்றறிக்கை தேவையில்லை. பார்க்க வரும் வழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. அதன் திசையைச் சற்று மாற்றினால் போதும். ஹோர்லிக்ஸ் போத்தலை மேசையில் வைத்தபின், "நான் நாலு மணிமட்டும் இருக்கிறன், நீங்கள் போய்க் கொஞ்சம் படுங்கோ" என்று சொல்கிறவர், பார்க்க வந்தவர் என்ற நிலையிலிருந்து பார்த்துக்கொள்கிறவர் என்ற நிலைக்குக் கடந்துவிடுகிறார். பங்கீடு என்று இக்கட்டுரை இவ்வளவு நேரம் சொல்லிவந்ததன் மிகச் சிறிய அலகு அந்த மூன்று மணி நேரம்தான்.